எழுத்துச் சின்னனென்றால் கொம்பியூட்டரை மாற்ற வேண்டாம், ஓர் எண்ணை மாற்றுவோம்



சென்ற வாரம் பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் ஒரு விடயம் கதைபட்டது. நான் சொல்ல வந்ததைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள், எல்லோரும் எழும்பிவிட்டோம். மீதியை இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகளை எங்களிடம் அனுப்புகிற பெற்றோரும், அந்த லெப்டொப்களுக்குக் காசு போட்ட பழைய மாணவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

கட்டாரில் தொழில் செய்யும் எமது பழைய மாணவர்கள் சேர்ந்து பாவித்த லெப்டொப் 12 அனுப்பித் தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரியட்டும். நல்ல சாமான், 14 அங்குலத் திரை. ஆனால் உள்ளே இருப்பது இன்டெல் 6 ஆம் தலைமுறை புரொசெசர். விண்டோஸ் 11 கேட்பது பொதுவாக 8 ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவையோ மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. ஆகவே அதிபரிடம் கேட்டு, 12 இலும் லினக்ஸ் மின்ட் போட்டேன். சுமை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பணம் இல்லை, களவு இல்லை. மின்ட் 22 இற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

இரண்டு கிழமை போனது. முறைப்பாடு வந்தது.

முதலில் வந்தவர் எங்கள் மௌலவி சேர். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. தவணைப் பரீட்சைக்கு இஸ்லாம் பாட வினாத்தாளை அவரே தட்டச்சு செய்வார், யாரிடமும் கொடுக்க மாட்டார். "தம்பி, இதில ஒண்டும் விளங்குதில்ல. எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இரிக்கி. எனக்கு இது சரிவராது, பழைய கொம்பியூட்டரையே தாங்க" என்றார்.

அடுத்து ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள். ஒரு மென்பொருளில் எழுத்துப் பெரிது, இன்னொன்றில் சின்னன். கீழே உள்ள பட்டையில் ஐகன் கடுகு மாதிரி, டெஸ்க்டொப்பில் உள்ளது வேறு அளவு. "என்ன சேர், ஒண்டுக்கொண்டு ஒட்டாம இரிக்கி?"

கூட்டத்தில் இது வந்ததும், பஜாரில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் எழும்பி, "விண்டோஸ் அடிச்சித் தாறன் சேர், ஒரு நாள் வேலை, எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார். பலரும் தலையாட்டினார்கள். அந்தத் தம்பியின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தீர்மானம் பிழை என்பதே என் கருத்து.

முறைப்பாடு நியாயமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். "பழகினால் சரிவரும்" என்று நானும் ஆரம்பத்தில் சொன்னேன். அது நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வருவது எல்லோருக்கும் உள்ளது. வாசிக்க முடியாத திரை, இல்லாத திரைக்குச் சமம். அதிலும் தமிழுக்கு இது இரட்டிப்புப் பிரச்சினை. ஆங்கில எழுத்தைச் சின்னனாக்கினால் ஓரளவு ஊகிக்கலாம். தமிழில் ஒரு குற்று மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். "எடு" என்பதும் "ஏடு" என்பதும் ஒரு சின்னக் கோட்டால் மட்டுமே வேறுபடுகின்றன. தரம் 3 பிள்ளை அந்தக் கோட்டைத் திரையில் காணாவிட்டால் பிழை பிள்ளையுடையதா?

ஆக, நோய் உண்மை. மருந்துதான் பிழை.

நானும் முதலில் பிழையான மருந்தைத்தான் கொடுத்தேன். எழுத்தின் அளவு 10 என்று இருந்தது, 14 ஆக்கினேன். மெனு பெருத்தது, ஐகன் அப்படியே நின்றது, சில பெட்டிகளில் பொத்தானின் எழுத்துப் பாதியாக வெட்டுப்பட்டது. பிறகு பிரவுசரில் போய் அங்கே தனியாகப் பெருப்பித்தேன். லிப்ரே ஒபிஸில் இன்னொரு அளவு. கடைசியில் ஒருவர் சொன்னார் என்று திரையின் ரெசலியூஷனை 1366 × 768 இற்கு இறக்கினேன். எல்லாம் பெரிதாகியது உண்மை. ஆனால் எழுத்தின் விளிம்பெல்லாம் மங்கிப் போனது. இந்தத் திரையில் உள்ள பிக்சல்கள் 1920 × 1080, அவை அச்சடித்தது போல நிலையானவை. குறைந்த எண்ணிக்கையிலான படத்தை அதில் இழுத்துப் பரப்பினால் மங்கத்தான் செய்யும். அரை மணித்தியாலம் பார்த்தால் தலைவலி.

ஒவ்வொரு இடமாகத் திருத்தப் போய், ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி ஆகியது. அந்த ஆசிரியைகள் சொன்ன "ஒண்டுக்கொண்டு ஒட்டாத" நிலையில் பாதி, என் கைவேலை.

பிறகுதான் அடிமட்டத்தை எடுத்தேன்.

எங்கள் ஆய்வுகூடத்தின் பழைய மொனிட்டர் 18.5 அங்குலம், 1366 × 768. கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்குள் சுமார் 85 பிக்சல். புதிதாக வந்த லெப்டொப்பில் ஓர் அங்குலத்துக்குள் சுமார் 157. ஆனால் இரண்டிலும் கொம்பியூட்டர் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்றே: "அங்குலத்துக்கு 96." இது பழைய காலத்திலிருந்து வரும் வழக்கமான எண். டி.பி.ஐ. என்று சொல்வது இதைத்தான். 10 பொயின்ட் எழுத்து என்றால் 96 கணக்கில் சுமார் 13 பிக்சல் உயரம். அந்த 13 பிக்சல் பழைய மொனிட்டரில் 4 மில்லிமீற்றர். புதிய லெப்டொப்பில் 2 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஏறத்தாழப் பாதி!

மௌலவி சேரின் கண்ணில் பிழை இல்லை. லினக்ஸும் பழுதாகவில்லை. அந்த 96 என்ற எண் இந்தத் திரைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

"அப்படியென்றால் விண்டோஸில் மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் திரையின் அளவைப் பார்த்து, 125 வீதம் அல்லது 150 வீதம் என்று தானே ஒரு அளவைப் போட்டுக்கொள்ளும். நாங்கள் போட்ட பதிப்பு அப்படி ஊகிக்காமல் 96 இலேயே நிற்கும். இந்த இடத்தில் விண்டோஸ் நல்லது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை நாங்கள் கையால் போட்டுவிட்டால் வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்காக 12 கொம்பியூட்டரையும் பஜாருக்குச் சுமக்க வேண்டுமா?

சரி, ஒவ்வொரு மென்பொருளும் ஏன் வெவ்வேறு அளவு? ஒரு வீட்டில் மூன்று பேர் முழம் போட்டுப் புடவை அளந்தால் மூன்று அளவு வரும், ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு. லினக்ஸில் மென்பொருள்கள் ஒரே இடத்தில் செய்யப்படுவதில்லை. சில ஜிடிகே என்ற கருவித்தொகுதியில் கட்டப்பட்டவை, சில கியூடி என்பதில், சில ஜாவாவில். ஒவ்வொன்றும் தன் அளவை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று தனக்கொரு வழி வைத்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான முழக்கோல் ஒன்றை நடுவில் வைத்தால் பெரும்பாலானவை அதைப் பார்த்துக்கொள்ளும். அந்த முழக்கோல்தான் டி.பி.ஐ.

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் நான் செய்த ஒழுங்கை எழுதுகிறேன். இது மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இற்கு உரியது. மற்றப் பதிப்புகளில் பெயர் மாறும், வழி ஒன்றுதான்.

முதலில், பழைய வைத்தியங்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எழுத்தின் அளவு மீண்டும் 10. பிரவுசரின் பெருப்பம் 100 வீதம். திரை அதன் சொந்த 1920 × 1080. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் பெருப்பத்தின் மேல் பெருப்பம் ஏறி எல்லாம் பூதமாகிவிடும்.

1. செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், ஃபொன்ட்ஸ் என்று போங்கள். கீழே "கஸ்டம் டி.பி.ஐ." என்று இருக்கும். அதில் 96 ஐ 120 ஆக்குங்கள். இது 125 வீதத்துக்குச் சமம். போதாதவர்கள் 132, அதுவும் போதாவிட்டால் 144. 157 கணக்கு வந்தது என்பதற்காக 157 போடத் தேவையில்லை. லெப்டொப்பை மேசை மொனிட்டரை விடக் கிட்ட வைத்துத்தான் பார்க்கிறோம்.

2. அதே அப்பியரன்ஸில் விண்டோ ஸ்கேலிங்கை 2 ஆக்குவது என்று ஒரு வழி இருக்கிறது. இந்தத் திரைக்கு அதைத் தொடாதீர்கள். 4கே போன்ற மிக நுணுக்கமான திரைக்கு உரியது அது. 14 அங்குலத்தில் போட்டால் பெட்டிகள் திரையை விட்டு வெளியே போய்விடும், "ஓகே" பொத்தானே கண்ணில் படாது. தெரியாமல் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். ஓல்ட் விசையை அழுத்திக்கொண்டு பெட்டியை மவுஸால் பிடித்து இழுத்தால் நகரும்.

3. ஐகன் வேறு கணக்கு. பட்டையில் உள்ள ஐகன்கள் டி.பி.ஐ. ஐப் பார்ப்பதில்லை, பிக்சல் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். பட்டையில் வலது கிளிக் செய்து, பெனல் பிரிபரன்ஸில் வரிசையின் உயரத்தை 40 அளவுக்குக் கூட்டுங்கள். டெஸ்க்டொப் ஐகனுக்கு டெஸ்க்டொப் செட்டிங்ஸில் தனி இடம் உண்டு, 64 நல்ல அளவு. சில பழைய மென்பொருளின் ஐகன் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், அதைச் செய்தவர்கள் சின்ன அளவில் மட்டுமே படம் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம்.

4. மவுஸ் அம்பு. வழமையாக 24. மவுஸ் செட்டிங்ஸில் 32 அல்லது 48 ஆக்குங்கள். வயதானவர்கள் "அம்பைத் தேடியே நேரம் போகுது" என்று சொல்வது இதனால்தான்.

5. தமிழ் எழுத்துரு. இதை மறக்காதீர்கள். நாங்கள் தெரிவு செய்த எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், கொம்பியூட்டர் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை இடையில் செருகும். அப்போது ஒரே வரியில் ஆங்கிலம் ஓர் அளவு, தமிழ் இன்னோர் அளவாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, ஆங்கிலத்துக்கும் நோட்டோ சான்ஸையே வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று இணங்கிப் போகும். சிங்களத்துக்கும் அதே குடும்பத்தில் எழுத்துரு இருக்கிறது.

6. வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். அதாவது லொக் அவுட், லொக் இன். இதைச் செய்யாமல் "ஒண்டும் மாறல்ல" என்று சொன்னவர்கள் பலர், நான் உட்பட.

அதன் பிறகும் ஒன்றிரண்டு அடங்காமல் நிற்கும். ஃபயர்பொக்ஸில் பக்கத்துக்குள் உள்ள எழுத்துச் சிலவேளை அசையாது. அதன் செட்டிங்ஸில் "டிஃபோல்ட் ஸூம்" ஐ 120 ஆக்கினால் ஒரே தரத்தில் முடியும். பஸ்கால் படிப்பிக்கும் டெர்மினல் திரைக்குத் தனி எழுத்தளவு இருக்கிறது. வைன் மூலம் ஓடும் விண்டோஸ் மென்பொருளுக்கு அதன் செட்டிங்கிலேயே வேறு ஒரு டி.பி.ஐ. இருக்கிறது, அதையும் 120 ஆக்க வேண்டும். பொது முழக்கோலை வைத்த பிறகு, அதைப் பார்க்காதவற்றை மட்டும் தனியாகத் திருத்துங்கள். நான் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்ததால்தான் ஒரு கிழமை வீணானது.

புரொஜெக்டர் பற்றியும் கேட்டார்கள். லெப்டொப்புக்கு 120 போட்டதும் வகுப்பில் சுவரில் விழும் படத்தில் எல்லாம் பெரிதாகத் தெரிகிறதாம். எக்ஸ்எஃப்சிஇ யில் எழுத்துக்கான டி.பி.ஐ. இரண்டு திரைக்கும் ஒன்றுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வகுப்பறையில் அது நல்லதல்லவா? கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத்தானே சுவரில் எழுத்துத் தெரிய வேண்டும்.

இப்போது மௌலவி சேரின் விடயத்துக்கு வருகிறேன். இந்த அளவுகள் கொம்பியூட்டருக்கு உரியவை அல்ல, அதில் நுழையும் ஆளுக்கு உரியவை. ஒரே லெப்டொப்பில் அவருக்கு ஒரு கணக்குத் திறந்து 144 போட்டேன், அம்பு 48. பிள்ளைகளின் கணக்கில் 120. அவர் தன் பெயரில் நுழைந்தால் அவருடைய அளவு, பிள்ளை நுழைந்தால் பிள்ளையின் அளவு. யாரும் யாருடைய திரையையும் குழப்பத் தேவையில்லை. எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்து ஆளாளுக்கு அளவை மாற்றியதுதான் எங்கள் ஆய்வுகூடத்தின் பாதிக் குழப்பம்.

இன்னொன்றும் அவருக்காகச் செய்தேன். அவருடைய வினாத்தாளில் தமிழும் வரும், அரபு ஆயத்தும் வரும். இரண்டுக்கும் 12 போட்டால் அரபு எழுத்துக் கண்ணுக்குச் சின்னனாகத்தான் தெரியும். அதன் அமைப்பு அப்படி. ஹரகத்துகளோ இன்னும் நுணுக்கம். லிப்ரே ஒபிஸில் ஆயத்துக்கென்று ஒரு ஸ்டைல் செய்து, அரபுக்கு 18 என்று ஒருமுறை நிறுத்தி வைத்தேன். இனி ஒவ்வோர் ஆயத்தாகத் தெரிவு செய்து பெருப்பிக்கத் தேவையில்லை. அடுத்த நாள் வந்து, "இப்ப சத்தமில்லாம வாசிக்கலாம் தம்பி" என்றார். முதல் யாரையாவது கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டியிருந்ததாம். வினாத்தாளை அப்படி வாசிப்பிக்க முடியுமா? அந்த ஒரு வசனத்தில்தான் எனக்கு விளங்கியது, அவர் பழைய கொம்பியூட்டரைக் கேட்டது அடம்பிடிப்பு இல்லை என்று.

இனி, கூட்டத்தில் சொல்லத் தயங்கியதையும் சொல்லிவிடுகிறேன்.

"விண்டோஸ் அடிச்சித் தாறன்" என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்து அனுமதி வாங்கிப் போடுவதில்லை. களவாக உடைத்த பிரதி. அதைத் திறக்க ஓட்டும் சின்ன மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று போடுபவருக்கே தெரியாது. அதில் பிள்ளைகளின் புள்ளி விபரமும் வினாத்தாளும் இருக்கப் போகின்றன. மார்க்க ரீதியாகவும் இது புதிய கேள்வி இல்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் கூடியபோதே, ஆக்கியோனின் உரிமையும் கண்டுபிடிப்பின் உரிமையும் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் கைவைக்கக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, என் பழைய கொம்பியூட்டரிலும் அதுதான் இருந்தது. ஆனால் பாடசாலை பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிற இடம். மற்றவரின் ஹக்கைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் பேசிவிட்டு, ஆய்வுகூடத்தில் அதைத் திரையில் காட்ட முடியாது.

"பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ்தானே?" இதுவும் வந்த கேள்வி. இருக்கலாம். ஆனால் எழுத்து ஏன் சின்னனாகிறது என்பதை அடிமட்டம் வைத்து அளந்து படித்த பிள்ளைக்கு, விண்டோஸில் "ஸ்கேல்" என்று எழுதியிருப்பதைக் கண்டால் அது எதற்கு என்று தானாகத் தெரியும். தரம் 10 இல் பணிசெயல் முறைமை என்று ஒரு பாடம் படிப்பிக்கிறோம். பெரும்பாலும் மனனம்தான். அந்த 12 லெப்டொப்பில் நான்கை அவர்களிடமே கொடுத்தேன், அளந்து, கணக்குப் போட்டு, எண்ணை மாற்றுங்கள் என்று. ஒரு மாணவி மட்டும் 120 போடாமல் 128 போட்டாள். "எங்கட உம்மம்மாட கண்ணுக்கு எவ்வளவு எண்டு பாக்கிற சேர்" என்றாள்.

லினக்ஸை நான் புகழ்பாட வரவில்லை. ஒரே காரியத்துக்கான திருகுகள் ஐந்து இடத்தில் சிதறிக் கிடப்பது உண்மையான குறை. சாதாரண ஆள் இதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விண்டோஸ் இல்லாமல் ஓடாத அலுவலக மென்பொருள் ஏதும் இருந்தால், அலுவலகத்தில் ஒரு கொம்பியூட்டருக்கு அனுமதியுடன் விண்டோஸ் வாங்கி வைப்போம், நானும் பங்கு தருகிறேன். ஆனால் எழுத்துச் சின்னன் என்பது 12 கொம்பியூட்டரின் தலையெழுத்தை மாற்றுவதற்கான காரணம் அல்ல.

குழுவிடம் நான் கேட்பது இரண்டு மாதம் மட்டும். 12 லெப்டொப்பும் இப்போது ஒரே அளவில் இருக்கின்றன. அளவுகளை எழுதிய தாள் ஒன்றை ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், யார் குழப்பினாலும் யாரும் திருத்தலாம். வந்து இருந்து பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியுடன் வாருங்கள். அதன் பிறகும் வாசிக்க முடியவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னால், நானே முன்னின்று வேறு வழி பார்க்கிறேன்.

பஜார் தம்பிக்கும் ஒரு வேண்டுகோள். கோபிக்க வேண்டாம். இந்த வேலை உங்களுக்கும் வருமானம்தான். விண்டோஸ் 10 நின்றுபோன பழைய லெப்டொப் எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது! லினக்ஸ் போட்டு, தமிழ் எழுத்துருவும் அளவும் சரிசெய்து கொடுத்தால் அதற்கு ஹலாலாகக் கூலி வாங்கலாம். நான் அறிந்ததைச் சொல்லித் தருகிறேன், வாருங்கள்.

வரும் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு ஆய்வுகூடம் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். வீட்டில் எழுத்துத் தெரியாத லெப்டொப் இருந்தால் சார்ஜருடன் கொண்டு வாருங்கள். அதைப் பாவிக்கப் போகிற ஆளையும் கூட்டி வாருங்கள். உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ எத்தனை போட வேண்டும் என்பதை அவர்களின் கண்தான் சொல்ல வேண்டும்.

பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.